சுடுசொல் ஆகாத எட்டு நாள்

என் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. தாடிக்கொம்பில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலாவது புருஷன் பெண்டாட்டிக்குள் வாய்ச்சண்டை முற்றினால், விலக்கிவிட வருகிறவர்கள் எங்கள் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். "அந்த வீட்டப் பாருங்கப்பா. என்னைக்காவது ஒரு சத்தம் வெளிய கேட்டிருக்கா?" என்பார்கள்.

கேட்டிருக்க முடியாது. கோபம் வந்தால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். அம்மாவும் நிறுத்திவிடுவாள். கூடத்தில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டதும் அப்பா வந்து உட்காருவார். இன்னும் சோறு வேண்டுமென்றால் கையைத் தட்டிலேயே வைத்திருப்பார். போதும் என்றால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அம்மா அந்தக் கையைப் பார்த்துத்தான் பரிமாறுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். நான் எண்ணிய வரையில் இந்த மௌனங்களில் நீளமானது நாற்பத்திரண்டு நாள். ஒரு ரசத்தில் தொடங்கியது. எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அப்பா, "மழை வரும்போல இருக்கு" என்றார். அம்மா கொடியிலிருந்து துணியை எடுத்தாள். அவ்வளவுதான். ரசத்தைப் பற்றி அதற்குப் பிறகும் யாரும் பேசவில்லை.

இதுதான் நாகரிகமான குடும்பம் என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பெண் ஆத்தூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு தெருவில் வீடு பிடித்துக் குடிவைத்தேன். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பதினோரு ஜன்னல் கம்பிகள். அதில் ஒன்று வளைந்திருந்ததை வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்தேன். பிறகு நாம்தான் வளைத்தோம் என்று வந்துவிடக்கூடாது.

எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எண்ணாவிட்டால் ஏதோ ஒன்று குறைந்துவிடும் என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். குடம், தீக்குச்சி, கொடியில் காயும் துணி எல்லாவற்றையும் எண்ணுவேன். புதுப் பெண்டாட்டிக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. "நான் இன்னைக்கு எத்தன தோச சுட்டேன், சொல்லுங்க பாப்போம்" என்பாள். சரியாகச் சொல்வேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நாலாவது மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏழாவது மாதம், பங்குனி வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஊருக்குப் போயி ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்" என்றாள்.

"ஏழு மாசத்துல இது ஆறாவது தடவை" என்றேன் நான். உள்ளதைத்தான் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அதையும் எண்ணிட்டீகளா? நான் மூச்சு விடுறதையும் எண்ணி வச்சிருப்பீகளே! ஒரு நாளைக்கு எத்தன?"

நான் சட்டையை மாட்டத் தொடங்கினேன்.

"ஒங்க ஊர்ல குடிக்கத் தண்ணி கெடையாது. எங்க ஊரு அணைத் தண்ணியத்தான கொழாயில விடுறாக. அதக் குடிச்சிட்டு, எங்க ஊருக்குப் போனா மட்டும் கணக்குச் சொல்றீகளாக்கும்? பதில் சொல்லுங்க!"

கோபம் எனக்கும் வந்தது. கோபம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு வீட்டில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். முன்பும் ஒன்றிரண்டு தடவை இப்படிச் செய்ததுண்டு. மலையை ஒருமுறை சுற்றி வருவேன். அதற்குள் சூடு ஆறிவிடும் என்று எண்ணம். அன்றைக்கு இரண்டு சுற்று. திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த அம்மா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல சோறு மூடி வச்சிருக்காம் தம்பி. ஆறாவது தடவ கெளம்பிட்டான்னு எழுதிக்கிடச் சொல்லுச்சு."

திங்கட்கிழமை முழுக்கப் பொறுத்துப் பார்த்தேன். வீட்டில் சத்தமே இல்லை. என் அப்பாவுக்குப் பிடித்த மாதிரியான வீடு. எனக்கு அதற்குள் இருக்கப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராக பஸ் ஏறினேன். கணக்குப் போட்டுத்தான் ஏறினேன். செம்பட்டியில் இறங்கி ஆத்தூர் பஸ். மாமனார் வீட்டில் ஒரு தம்ளர் காப்பி. அவளைக் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்பிவிடலாம். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். கிழமையை மட்டும் எண்ணவில்லை.

ஊருக்குள் நுழையும்போதே மாமனார் மாமியாரின் குரல் எனக்குக் கேட்டது. முருங்கைமரத்தில் ஒரு கிளையை மாமனார் வெட்டிவிட்டாராம்.

"பூத்த கெளைய எவனாவது வெட்டுவானா? ஒனக்குக் கண்ணு எங்க இருக்கு, பெடதியிலயா?"

"என் கண்ணு இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. ஒன் வாய்தான் ஊரெல்லாம் இருக்கு!"

அந்த வீட்டில் சாதாரண நேரத்தில் மாமியார் அவரை 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். சண்டையில் மட்டும் 'நீ'. கல்யாணத்துக்கு முன்பு பெண் பார்க்கப் போனபோதே இந்தச் சத்தத்தைக் கேட்டு என் அப்பா முகம் சுளித்தார். எனக்கும் உள்ளூர அந்த இருவர் மேல் ஒரு இளக்காரம் உண்டு. நாலெழுத்து படிக்காதவர்கள், அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

என்னைக் கண்டதும் மாமனார், "வாங்க மாப்ளே!" என்றார். அதே மூச்சில் மாமியார் பக்கம் திரும்பி எதையோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரத்தில் கோயில் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. வாயெடுத்தவர் அப்படியே மூடிக்கொண்டார். மாமியாரும் நிறுத்திவிட்டார். இவ்வளவு சுத்தமாக ஒரு சண்டை நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மாரியம்மனுக்குச் சாட்டு மாப்ளே" என்றார் மாமனார், தாழ்ந்த குரலில். "காப்புக் கட்டுறாக. இனி எட்டு நாளைக்கு வீட்டுல சுடுசொல் ஆகாது."

அந்த ஊர் வழக்கம் இது. பூசாரி கையில் காப்புக் கட்டி, ஊர் எல்லையில் வேப்பிலைக் கயிறு கட்டிவிட்டால், காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வீட்டில் கறி மீன் கிடையாது, தாளிப்புக் கிடையாது, புருஷன் பெண்டாட்டி தனித்தனியே படுக்கவேண்டும். யாரையும் வையக் கூடாது. இன்னொன்றும் உண்டு. அதை எனக்கு மறுநாள் காலையில்தான் சொன்னார்கள்.

மாமியார் ஓரமாகக் குவித்திருந்த புளியங்கொட்டையில் ஒன்றை எடுத்தார். பங்குனி மாதம், எல்லா வீட்டிலும் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த கொட்டையை ஒரு கொட்டாங்கச்சியில் 'டக்'கென்று போட்டார்.

"இது முருங்கைக்கு. காப்பு அவுக்கட்டும், வச்சிக்கிறேன்" என்றார், மிகவும் மரியாதையான குரலில்.

மாமனார் மாட்டுத்தொழுவத்துக்குப் போனார். அங்கேயும் ஒரு 'டக்'. அவருக்குத் தனிக் கொட்டாங்கச்சி.

என் பெண்டாட்டி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் மூன்று தடவை சொன்னேன். மாமியார் மூன்று தடவையும் கதவுக்குப் பின்னால் நின்று, "சாப்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்று மாமனாரிடம் சொன்னார். சாப்பிட்டு முடித்தபோது பஸ் போயிருந்தது. களத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பாம்பு வருமா என்று கேட்டேன். "வந்தா மாடு சத்தங் குடுக்கும், படுங்க" என்றார் மாமனார்.

விடிந்ததும் அவளை என்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"காப்புக் கட்டியிருக்கு மாப்ளே. இப்பப் பொண்ண அனுப்ப முடியாது. அவ வாரேன்னு சொன்னாலும் அனுப்ப மாட்டோம். அவ வரலேன்னுதான் சொல்றா, அது வேற."

"வரமாட்டேன் என்றா சொல்கிறாள்?"

"இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்னு ஆத்தாகிட்டச் சொல்லியிருக்கா. இப்ப அதப் பத்திப் பேசினா வாக்குவாதம் வரும். அதுனால பேச வேண்டாம். அடுத்த புதங்கெழம காலையில காப்பு அவுப்பாக. அன்னைக்கு நீங்களே கேளுங்க. வந்தாக் கூட்டிட்டுப் போங்க. வல்லேன்னா நாங்க கட்டாயப்படுத்த மாட்டோம்."

சரி, அடுத்த புதன்கிழமை வருகிறேன் என்று கிளம்பினேன்.

"எங்க கெளம்பிட்டீக? காப்புக் கட்டின ராத்திரி இந்த ஊர்ல படுத்து எந்திரிச்சிட்டீகள்ல! இனி அவுக்கிற வரைக்கும் ராத்தங்கல் இங்கதான். பகல்ல எங்கிட்டு வேணா போயிட்டு வாங்க. பொழுது அடையறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துரணும்."

"வராவிட்டால்?"

மாமனார் பதில் சொல்லாமல் அம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்தார். அம்மை போட்டு ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் படித்தவன், இதையெல்லாம் நம்பவில்லை. ஆனால் கழுத்தில் ஏதோ அரிப்பது போல இருந்தது.

ஆக, ஒரு வாரம் நான் மாமனார் வீட்டிலிருந்து அலுவலகம் போய் வந்தேன். விடியலில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேருவேன். மாற்றுச் சட்டைக்குத் திண்டுக்கல் வீட்டுக்கு ஓடவேண்டும். சாயங்காலம் மணி ஐந்து ஆனதும் பேனாவை மூடிவிடுவேன். "புது மாப்பிள்ளைக்கு எம்புட்டு அவசரம் பாருங்கய்யா" என்று தலைமை எழுத்தர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். விருந்துக்குப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். அங்கே எனக்குக் கிடைத்தது தாளிக்காத பருப்பு, தாளிக்காத கீரை, மோர். மூன்றாம் நாளே வயிறு மந்தமாகிவிட்டது.

அவள் எனக்குச் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். இது எனக்குப் பழகிய மௌனம்தானே, எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. சின்ன வயதில் இந்த மௌனத்துக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்தபோதுதான் அம்மா எதைச் சாப்பிட்டு வாழ்ந்தாள் என்று புரிந்தது. கையைத் தட்டில் வைத்தபடியே இன்னும் கொஞ்சம் சோற்றுக்காகக் காத்திருந்தேன். அவளுக்கு அந்தச் சைகை தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலத்தில் அம்மாவும் மகளும் முற்றத்தில் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். செய்ய வேலை இல்லாமல் வெள்ளிக்கிழமை நானும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனார்.

"ஒரு பழத்துக்கு எத்தனை கொட்டை இருக்கும்?" என்றேன், பொதுவாக.

அவள் கல்லை நிறுத்தாமல் தன் அம்மாவைப் பார்த்து, "ஆத்தா, எண்ணிப் பாக்கச் சொல்லு. அதுக்குத்தான பொறந்தது" என்றாள்.

"சுடுசொல் ஆகாதுடி" என்றார் மாமியார்.

"இது சுடுசொல்லா? உள்ளதத்தான சொன்னேன்."

எனக்கு அந்தச் சொற்கள் எங்கேயோ கேட்டவை போல இருந்தன. குனிந்து புளியைத் தட்டினேன். மாமியார் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது முக்காட்டுக்கு மேலேயும் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க அந்த இருவரையும் நான் கவனித்தேன். மனம் கொதிக்கிறபோதெல்லாம் கொட்டாங்கச்சியில் 'டக்' என்று விழும். மாட்டுக்குத் தண்ணி காட்டாததற்கு ஒன்று. சொந்தக்காரர் வந்தபோது முகம் கொடுத்துப் பேசாததற்கு ஒன்று. ஒரு தடவை இருவரும் ஒரே நேரத்தில் போட்டார்கள். எதற்கென்று எனக்குத் தெரியாது. அதே சமயம், மாமனார் உழவிலிருந்து வந்தால் மாமியார் வெந்நீர் எடுத்துவைத்திருப்பார். மாமனார் வாழைத்தாரிலிருந்து நல்ல பழமாகப் பார்த்துப் பிய்த்து மாமியார் பக்கம் நகர்த்துவார். கோபம் கொட்டாங்கச்சியில் பத்திரமாக இருந்தது. அதனால் கையில் ஏறவில்லை, முகத்தில் ஏறவில்லை. என் வீட்டில் அப்படி இல்லை. கோபம் தட்டு வைக்கிற கையிலேயே இருக்கும்.

திங்கட்கிழமை செம்பட்டிக்கு முன்னால் பஸ் டயர் வெடித்துவிட்டது. மாற்றி ஏறுவதற்குள் ஆத்தூர் பஸ் போய்விட்டது. பொழுது இறங்குகிறது. நடக்கத் தொடங்கினேன். செருப்புக் கடித்தது. நாய் துரத்தியது. எல்லைக்குள் போய்ச் சேர முடியாதென்று நினைத்து நினைத்து வியர்த்தேன். வேப்பிலைக் கயிறு கட்டிய இடத்துக்கு வந்தபோது மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. கயிற்றுக்கு உள்பக்கம் இடுப்பில் குடத்தோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். குடம் காலியாக இருந்தது. குடிதண்ணீர்க் கிணறு ஊருக்கு மறுகோடியில்.

"பஸ்ஸு போச்சா?" என்றாள்.

"டயர்."

"ம்."

முன்னால் நடந்தாள். நான் பத்தடி பின்னால் நடந்தேன். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாவிளக்கு, முளைப்பாரி. புதன்கிழமை காலை காப்பு அவிழ்த்தார்கள். கொட்டு நின்று மாமனார் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் மாமியார் முற்றத்தைப் பெருக்கி, நடுவில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியைக் கவிழ்த்திருந்தார். பதினேழு. மாமனார் தொழுவத்திலிருந்து தன்னுடையதைக் கொண்டுவந்து கொட்டினார். பன்னிரண்டு. எட்டு நாள் ஆறிய கோபம், பாதி மறந்துபோயிருக்கும், இரண்டொரு வார்த்தையில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஒன்றுகூட மறக்கவில்லை.

மாமியார் முதல் கொட்டையை எடுத்து அவர் காலடியில் எறிந்தார். "முருங்கை! பூத்த கெள!"

"அது காத்துல ஒடிஞ்சி தொங்குச்சு. தொங்குனத வெட்டுனேன்."

"தொங்குச்சாம்! ஒன் அண்ணன் வீட்டு ஆட்டுக்குத் தழ வேணும்னு வெட்டுன. எனக்குத் தெரியாதா?"

"ஆமா, ஆட்டுக்குத்தான். ஆடு பட்டினி கெடக்கணுமா?"

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? காத்தாம் காத்து!"

அது முடிந்தது. அடுத்த கொட்டை. பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க அன்று காலை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே சத்தம்தான். மாமனார் தன் கொட்டைகளில் ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து முழித்தார்.

"இது எதுக்குப் போட்டேன்?"

"சனிக்கெழம" என்றார் மாமியார். "நீ திருநீறு வச்சிருந்த துணிய நான் கரித்துணின்னு நெனச்சி அடுப்புத் தொடச்சிட்டேன்ல. அதுக்கு."

"ஆங்! அறிவு கெட்டவளே, திருநீத்துத் துணியில எவளாவது அடுப்புத் தொடைப்பாளா?"

"அழுக்காக் கெடந்தா வேற என்னன்னு நெனப்பாங்க?"

தன்மேல் உள்ள குற்றத்தைத் தானே எடுத்துக்கொடுத்து, அதற்குப் பதிலும் சொல்கிற பெண்பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இளக்காரம் போன இடம் தெரியவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

அப்போது, "கெணத்தடிக்குக் கொஞ்சம் வாங்க" என்றது பின்னாலிருந்து அவள் குரல்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துக் கிணறு. வாழைகளுக்கு நடுவில் நின்றாள். உள்ளங்கையை விரித்தாள். ஒரே ஒரு புளியங்கொட்டை.

"ஒன்றுதானா?" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"ஒன்னுதான். அதையாவது கேப்பீகளா, இல்ல இப்பவும் சைக்கிள எடுத்துருவீகளா? சைக்கிளு இங்க இல்ல. நல்லதாப் போச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எண்ணுறீக, எண்ணுங்க. ஆறு தடவ போனேன்னு சொன்னீக, போனேன்தான். அதுக்கு நான் வல்ல இங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்குக் கதவத் தெறந்து போறீக. வாய்க்குள்ள வந்தத நான் யாருட்டச் சொல்லட்டும்? செவுத்துக்கிட்டயா? செவுரு பதில் சொல்லாதுன்னு தெரியும். நீங்களும் சொல்லலேன்னா எனக்கு என்ன வித்தியாசம்? எங்க அப்பன் எங்க ஆத்தாள என்னென்னவோ வஞ்சிருக்கு. ஒரு நாளு பேச்சுக்கு நடுவுல எந்திரிச்சுப் போனதில்ல."

நான் நின்றேன். என் கால்கள் போவதற்குத் தயாராக இருந்தன. எங்கே போவதென்றுதான் தெரியவில்லை. அவள் கொட்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஏதாவது சொல்லவேண்டும். என்ன சொல்வதென்று பழக்கமில்லை.

"நீ மட்டும் என்ன?" என்றேன் கடைசியில். குரல் எனக்கே பிடிக்கவில்லை. "சொல்லாமல் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாயே, அது மட்டும் சரியா? அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் என்ன கேலிப்பொருளா?"

"சொல்றதுக்கு நீங்க வீட்டுல இருந்தீகளா?"

"ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? வந்திருப்பேன் அல்லவா?"

"வந்து? வந்து பேசியிருப்பீகளா? சோறு போடுன்னுருப்பீக!"

அதுவும் உண்மைதான். அதனால் எனக்குக் கோபம் கூடிவிட்டது. "எட்டு நாளாக இந்தத் தாளிக்காத குழம்பைத் தின்றுவிட்டு ரெண்டு பஸ் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறேனே, யாருக்காக? எனக்கு வயிறு சரியில்லை, ஒரு வார்த்தை கேட்டாயா நீ?"

நான் கத்திவிட்டேன். என் ஆயுளில் முதல் தடவை. முன்முற்றத்தில் சண்டைச் சத்தம் சட்டென்று நின்றது. அமைதியில் மாமனாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏ, கேட்டியா? மாப்ள சத்தம் போடுறாருடீ!"

"உஸ், பேசாம இருங்க. கலைச்சு விட்றாதீக" என்றார் மாமியார், மறுபடி மரியாதைக்குத் திரும்பி.

அதே நேரத்தில் ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நேரத்துக்குப் போய்ச்சேர எனக்கிருந்த கடைசி பஸ். அலுவலகத்துக்கு நான் அதுவரை ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. என் உடம்பு தானாக ரோட்டுப் பக்கம் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாள்.

"போங்க" என்றாள். குரலில் சூடு எதுவும் இல்லை. "பஸ்ஸு வந்துருச்சு, போங்க."

இப்போது போனால் இனி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் அழுதிருந்தாலோ திட்டியிருந்தாலோகூட நான் போயிருப்பேன். அந்தச் சூடில்லாத குரல் எனக்குப் பழக்கமானது. தாடிக்கொம்பில் கேட்டது. ரசத்துக்குப் பிறகு அம்மாவுக்கு அந்தக் குரல்தான் இருந்தது.

"நான் இன்னும் முடிக்கவில்லை" என்றேன். "வயிற்றைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லு."

பஸ் நின்று, ஹாரன் அடித்து, கிளம்பிப் போன சத்தம் கேட்டது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுக்குத் தட்டி மோருல போட்டுத்தான் மூணு நாளா குடுத்தேன்" என்றாள். "எல்லாத்தையும் எண்ணுறீக, நாக்குல ருசி தெரியாதா?"

தெரியவில்லை. மோர் காரமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்திருந்தேன். அதை வைத்து இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். ஒரு கட்டத்தில் அவள் கையிலிருந்த கொட்டை கிணற்றுக்குள் விழுந்தது. எறிந்தாளா, நழுவியதா என்று நான் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, அப்பா காலமான பிறகு, அம்மா எங்களோடு திண்டுக்கல்லில் வந்து இருந்தாள். ஒருநாள் ஏதோ ஒன்றுக்காக நாங்கள் இருவரும் கூடத்தில் நின்று போட்ட சத்தத்தில் அம்மா பயந்து அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். முடிந்து இவள் உள்ளே போனபோது, "அவன் பதில் பேசுறானா உங்கிட்ட?" என்று கேட்டிருக்கிறாள். "பேசாம? வட்டிக்கு வட்டி பேசுறாரு அத்தே" என்றிருக்கிறாள் இவள். அம்மா அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ குடுத்து வச்சவ" என்றாளாம். இதை இவள் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை. அம்மாவும் போன பிறகுதான் சொன்னாள். முன்பே சொல்லியிருக்கலாம் என்று அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அரைநாள் விடுப்பு என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அதைப் பற்றி மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று ஒரு பக்கம் குடைந்தது. மாமியார் எட்டு நாளைக்குப் பிறகு கடுகு தாளித்தார். அந்த வாசனை தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. அவள் தட்டை வைத்து, "இன்னும் சோறு வேணுமா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள். வேண்டும் என்று சொன்னேன். இரண்டாவது தடவையும் சொன்னேன். தகரப்பெட்டியை அவளே எடுத்துவைத்தாள். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

பகல் பஸ்ஸுக்கு மாமனார் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோடுவரை வந்தார். மாமியார் ஒரு ஓலைப்பெட்டியில் புளி கொடுத்தார். பஸ் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாமனார் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு என் காதருகே வந்தார்.

"மாப்ளே, சத்தம் பத்தல. போகப் போகச் சரியாயிரும்."

"ஏன், ஒன்னய மாதிரித் தொண்ட கிழியக் கத்தணுமாக்கும்?" என்றார் பின்னாலிருந்து மாமியார்.

"நான் எங்கடி கத்துனேன்? இன்னைக்கு நீதான் ஊரக் கூட்டுன!"

"நானா? பாதிக் கொட்டைக்கு ஒனக்குப் பதிலு வல்ல. அத மறைக்கக் கத்துன!"

பஸ் நகர்ந்தது. அவர்கள் இருவரும் ரோட்டோரத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கையசைக்கக்கூட மறந்துவிட்டார்கள். இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். வளைவு வருகிற வரைக்கும் பார்த்தாள். தலையை வெளியே நீட்டாதே, அடிபட்டுவிடும் என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

"யார் ஜெயிக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"ஆத்தாதான்" என்றாள், சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டபடி.